நல்ல நாளின் விலை

நாசிக் நகரக் கிளையொன்றில் நான் பணியாற்றிய காலம். ஒரு தன்தேரஸ் நாளன்று, நண்பகலுக்குச் சற்று முன்னர், ஏறத்தாழ ஐம்பது வயதுடைய அம்மையார் ஒருவர் நகைக்கடன் பிரிவுக்கு வந்தார். அன்று காலையில்தான் தம் பாதுகாப்புப் பெட்டகத்தைத் திறந்து எடுத்திருந்த நான்கு தங்க வளையல்களை மேசைமீது வைத்தார். கடன் விண்ணப்பத்தில் 'கடனின் நோக்கம்' என்று ஒரு கட்டம் உண்டு. பெரும்பாலோர் அதில் 'குடும்பச் செலவு' என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவர். அவருக்கு மறைக்கத் தெரியவில்லை. "மாப்பிள்ளைக்கு மோதிரம் வாங்க வேண்டும், சாஹேப். இன்று வாங்கினால்தான் நல்லது" என்றார்.

மகளுக்குத் திருமணமாகி ஆறு மாதமே ஆகியிருந்தது. மணமான முதல் தீபாவளிக்கு மகளும் மருமகனும் பெண் வீட்டுக்கு வருவதை மராட்டியர் 'திவாள்சண்' என்பர். தலைதீபாவளி என்ற சொல்லைக் கேட்டே வளர்ந்த எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. வெறுங்கையோடு மருமகனை அனுப்புவது எந்தத் தாய்க்கு இயலும்?

ஆயினும் அந்தக் கடனை நான் வழங்க இயலாது. தங்கக் கட்டி, நாணயம், நகை என எந்த வடிவிலும் தங்கம் வாங்குவதற்கு வங்கிகள் கடன் வழங்கலாகாது என்று இந்திய ரிசர்வ் வங்கி 2012 நவம்பரில் அறிவுறுத்தியது. நகையை அடகு வைத்துப் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தைச் செலுத்தலாம். மருத்துவச் செலவுக்குப் பெறலாம். விதை, உரம் வாங்கலாம். தங்கத்தை வைத்துத் தங்கமே வாங்குவதற்கு வழியில்லை. இதை அவரிடம் பொறுமையாக எடுத்துரைத்தேன். அவர் சற்று நேரம் வளையல்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "வளையல் என்னுடையது. மோதிரம் என் மருமகனுக்கு. இன்று நல்ல நாள். இதில் தவறு எங்கே இருக்கிறது?"

விதியைச் சொல்லியாயிற்று. அவர் கேட்டதோ விதியைப் பற்றியன்று. ஒரு பொருளை வாங்க வேண்டுமா, எவ்வளவுக்கு வாங்க வேண்டும், அதற்கான பணம் எங்கிருந்து வரும் என்ற மூன்று கேள்விகளையும் 'இன்று நல்ல நாள்' என்ற ஒரே சொல் எவ்வாறு அடக்கிவிடுகிறது என்பதை அன்று முதல் கவனித்து வருகிறேன்.

கதைகளில் யாரும் கடைக்குச் செல்வதில்லை

தன்தேரஸ் என்பது தீபாவளிக்கு முந்தைய தேய்பிறைத் திரயோதசி. பாற்கடலைக் கடைந்தபோது அமுத கலசத்தை ஏந்தித் தன்வந்திரி தோன்றிய நாள் அது என்பர். மருத்துவத்தின் தெய்வம் என்பதால் நடுவண் அரசும் 2016 முதல் தேசிய ஆயுர்வேத நாளை இந்தத் திதியில்தான் கொண்டாடி வந்தது. 2025-இல் அது செப்டம்பர் 23 என்னும் நிலையான தேதிக்கு மாற்றப்பட்டது. கலசத்தோடு வந்தவரின் நாள் என்பதால் அன்று புதிய பாத்திரம் ஒன்று வாங்குவது வடக்கே வழக்கமாயிற்று.

மற்றொரு கதை ஹிமன் என்னும் அரசனின் மகனைப் பற்றியது. மணமான நான்காம் நாள் பாம்பு தீண்டி அவன் இறப்பான் என்பது சாதகத்தின் கூற்று. அந்த இரவு அவனுடைய இளம் மனைவி வீட்டிலிருந்த நகைகளையும் காசுகளையும் வாயிற்படியில் குவித்து, சுற்றிலும் விளக்கேற்றி, கணவன் உறங்கிவிடாதபடி பாட்டும் கதையுமாக விடியும்வரை விழித்திருந்தாள். பாம்பு வடிவில் வந்த யமன் அந்த ஒளியில் கண் கூசி, குவியலின் மீதே அமர்ந்து பாட்டைக் கேட்டுவிட்டுக் காலையில் திரும்பிப் போனான்.

இவ்விரண்டிலும் ஒருவரும் எதையும் விலைக்கு வாங்கவில்லை. முதற்கதையில் கலசத்தினுள் இருப்பது மருந்து. இரண்டாவதில் அந்தப் பெண் வீட்டிலிருந்த பொன்னைத்தான் எடுத்து வெளியே வைக்கிறாள்; அதுவும் ஓர் உயிரைக் காப்பதற்காக.

அதே தன்தேரஸ் அன்று வடமாநிலக் கடைத்தெருக்களில் துடைப்பமும் மலையாகக் குவிந்திருக்கும். துடைப்பம் திருமகளின் அடையாளம் என்று புதிதாக ஒன்று வாங்கிச் செல்வர். நம் பக்கத்தில் அட்சய திருதியைக்குக் கல்லுப்பும் மஞ்சளும் வாங்கினாலே போதும் என்று பெரியவர்கள் சொல்வது போலத்தான் இதுவும். சடங்கின் கண்ணுக்குத் துடைப்பத்துக்கும் தங்கத்துக்கும் வேறுபாடில்லை. துடைப்பத்துக்கு முழுப்பக்க விளம்பரம் வருவதில்லை, அவ்வளவே.

அட்சய திருதியையின் கதை இன்னும் தெளிவானது. சித்திரை, வைகாசி வாக்கில் வரும் அந்த வளர்பிறைத் திருதியை நாட்டின் ஒவ்வொரு மூலையிலும் ஒவ்வொரு பணிக்குத் தொடக்க நாள். ஒடிசாவில் உழவர்கள் அன்றுதான் விதைப்பைத் தொடங்குவர். புரி செகந்நாதரின் தேர்களைச் செய்யும் வேலையும் அன்றே தொடங்கும். இமயத்தில் கங்கோத்திரி, யமுனோத்திரி கோயில்களின் நடை குளிர்காலத்துக்குப் பின் அன்று திறக்கப்படும். சமணர்கள், ஓராண்டு நோன்பிருந்த ரிஷபதேவருக்கு அஸ்தினாபுரத்தில் கரும்புச்சாறு அளிக்கப்பட்ட நாளாக அதைப் போற்றுகின்றனர். ஆண்டு முழுவதும் ஒன்றுவிட்டு ஒரு நாள் நோன்பு நோற்பவர்கள் அன்று கரும்புச்சாறு அருந்தி நோன்பை முடிப்பர். திரௌபதியின் அட்சய பாத்திரமும், குசேலர் கொண்டுசென்ற ஒரு பிடி அவலும் இந்நாளோடு இணைத்துச் சொல்லப்படுகின்றன. கோடையின் உச்சத்தில் நீர்க்குடமும் விசிறியும் குடையும் தானமாக அளிப்பது பழைய வழக்கம். உழுதல், தொடங்குதல், நோன்பை முடித்தல், கொடுத்தல் என்று எத்தனையோ வினைகள் அந்த நாளுக்கு இருந்தன. நகரத்துக் கடைத்தெரு அவற்றுள் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. 'குறையாதது' என்ற பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் பின்னால் 'வாங்குதல்' என்ற வினையைச் சேர்த்தது. நாற்பதைக் கடந்த என் போன்றோர் பலருக்கு நினைவிருக்கும்: எங்கள் சிறு வயதில் அந்த நாளில் நகைக்கடை வாயிலில் விடியற்காலை வரிசையை நாங்கள் பார்த்ததில்லை.

இதனால் வழக்கம் பொய் என்று ஆகிவிடாது. வழக்கங்கள் யாவும் ஒரு காலத்தில் புதியவையாக இருந்தவையே. ஆனால் எது தொன்மம் கேட்பது, எது விளம்பரம் கேட்பது என்று பிரித்தறிவது வாங்குபவரின் உரிமை.

மராட்டியத்தில் விசயதசமியன்று நடப்பதையும் சொல்ல வேண்டும். முதல் ஆண்டு எனக்கு அது புரியவில்லை. எங்கள் கிளையின் கடைநிலை ஊழியர் என் கையில் இரட்டை மடல் கொண்ட இலையொன்றை வைத்து, "தங்கம் எடுத்துக்கொள்ளுங்கள், தங்கத்தைப் போல வாழுங்கள்" என்று வணங்கினார். 'ஆப்டா' மரத்தின் இலை அது. நம் நாட்டு ஆத்தி மரமே. சோழர்கள் சூடிய பூ இம்மரத்தினுடையது. குருதட்சிணையாகப் பதினான்கு கோடிப் பொன் தேடிவந்த கௌத்சன் என்னும் மாணவனுக்காக, எல்லாவற்றையும் வேள்வியில் தானம் செய்துவிட்டிருந்த ரகு மன்னன் குபேரன்மீது படையெடுக்கத் துணிந்தான். அஞ்சிய குபேரன் இரவோடு இரவாகப் பொன்மாரி பெய்வித்தான். காளிதாசனின் இரகுவம்சத்தில் வரும் இந்தக் கதையின் நாட்டுப்புற வடிவில் அந்தப் பொன் இம்மரத்தின் மீது பொழிந்தது. அனைத்தையும் எடுத்துக்கொள் என்கிறான் அரசன்; ஆசிரியருக்குரியது போக ஒரு காசும் வேண்டா என்கிறான் மாணவன். மிஞ்சியதை ஊர் பங்கிட்டுக்கொண்டது. அதன் நினைவாகத்தான் இன்றும் இலையைப் பொன்னென்று சொல்லி ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்கின்றனர். செலவே இல்லாத இந்தத் தங்கத்தைக் கொடுத்த அதே மாலையில் சராஃப் பஜாருக்குச் சென்று உண்மைத் தங்கமும் வாங்குகின்றனர். குடீ பாட்வா, அட்சய திருதியை, விசயதசமி என மூன்று முழு முகூர்த்தங்களும், தீபாவளிப் பாட்வா என்னும் அரை முகூர்த்தமும் ஆக 'மூன்றரை முகூர்த்தம்' அங்கே பெயர்பெற்றது. இந்நாட்களில் பஞ்சாங்கம் பார்க்கவே வேண்டியதில்லை என்பது நம்பிக்கை. பஞ்சாங்கமே பார்க்க வேண்டாத நாளில் விலைப்பட்டியலை யார் பார்ப்பார்?

சடங்கு செய்யும் வேலை

நுகர்வோர் நடத்தையை ஆய்வோர் சடங்கை வெறும் நம்பிக்கையாகப் பார்ப்பதில்லை. அமெரிக்க ஆய்வாளர் டென்னிஸ் ரூக் 1985-இல் எழுதிய கட்டுரையொன்று இத்துறையில் அடிக்கடி எடுத்தாளப்படுவது. சடங்கு எதற்கும் நான்கு உறுப்புகள் உண்டு என்றார் அவர்: பயன்படும் பொருள், நடந்தேற வேண்டிய முறை, பங்கேற்போர் ஏற்கும் பாத்திரம், பார்ப்போர் கூட்டம். அவர் ஆராய்ந்தது இளைஞர்கள் அன்றாடம் தம்மை ஒப்பனை செய்துகொள்வதை. நம் தங்க நாளுக்கு அதைப் பொருத்திப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. பொருள், ஒரு கிராம் நாணயமேனும். முறை, இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை என்ற நேரம். பாத்திரங்கள், தேர்ந்தெடுக்கும் மனைவி, பணம் செலுத்தும் கணவர், பெட்டியைப் பூசையறை வரை ஏந்திவரும் பிள்ளை. கூட்டம், முன்னர் அண்டை வீட்டார்; இன்று கைப்பேசியின் குடும்பக் குழு. பொருளை மட்டும் வாங்காமல் விட்டுவிடலாம் என்றால் மற்ற மூன்றும் குலைந்துபோகின்றன. ஒருவர் தங்கம் வேண்டா என்று முடிவு செய்வது எளிது. தம் பாத்திரத்தை நடிக்காமல் மேடையை விட்டு இறங்குவது எளிதன்று. அந்த நாசிக் அம்மையார் வாங்க வந்தது மோதிரத்தையன்று, சம்பந்தியின் முன் தாம் நிற்கவேண்டிய இடத்தை.

2017-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற ரிச்சர்டு தேலர் 'மனக்கணக்கு' என்ற ஒன்றைப் பற்றி விரிவாக எழுதியவர். பணம் எல்லாம் ஒன்றே என்று வணிகவியல் பாடத்தில் படித்தோம். வீட்டில் எவரும் அவ்வாறு நடப்பதில்லை. சம்பளம் ஒரு பை, போனசு ஒரு பை, மொய்ப்பணம் ஒரு பை. கத்தரிக்காயில் ஐந்து ரூபாய் குறைக்கப் பத்து நிமிடம் பேசும் அதே மனிதர், முகூர்த்த நாளில் சேதாரம் எத்தனை விழுக்காடு என்று கேட்பதைக் கூச்சமாகக் கருதுகிறார். விழாப்பணம் வேறு பையில் இருப்பதுதான் காரணம்.

வங்கி மேசைக்குப் பின்னால் அமர்ந்திருப்போருக்கு இந்தப் பைகள் நன்றாகத் தெரியும். திருமண மாதங்களில் ஒரு ரூபாய் நாணயத்துக்கு நேரும் தட்டுப்பாட்டை எந்தக் காசாளரும் சொல்வார். 101, 501, 1,001 என்று முடியாத தொகையை உறையில் வைப்பாரில்லை. வைப்புத்தொகையையும் 1,00,001 என்று போடுவோர் உண்டு. பொங்கல், விஷு, தீபாவளி, ரம்சான் எதுவாயினும் முந்தைய வாரம் புது நோட்டுக் கட்டுக்காக வரும் கோரிக்கைகள் ஒரே குரலில் இருக்கும். வெள்ளிக்கிழமை பணம் எடுக்க வந்துவிட்டு, "வேண்டாம், நாளை எடுத்துக்கொள்கிறேன்" என்று திரும்பிய வாடிக்கையாளரையும் கண்டிருக்கிறேன்.

நல்ல நாளைப் போலவே ஆகாத நாளுக்கும் சந்தையில் ஒரு விலை இருக்கிறது. முன்னோர்க்குரிய மகாளய பட்சத்தில் வட இந்தியக் கிளைகளில் வாகனக் கடன் விண்ணப்பங்கள் ஒப்புதல் பெற்றும் அப்படியே காத்திருக்கும். நவராத்திரி பிறந்ததும் ஒரே நாளில் அத்தனைக்கும் பணம் விடுவிக்க வேண்டியிருக்கும். நம் மார்கழியில் மணவினை இல்லாதது போல், வடக்கிலும் கதிரவன் தனுசில் இருக்கும் அதே மாதத்தைக் 'கர்மாஸ்' என்று ஒதுக்குவர். ஆடியைத் தமிழ் வணிகர்கள் கையாண்ட விதம் பாராட்டுக்குரியது. மணமில்லாத மாதத்தில் துணி தேங்கும். ஆவணிக்கும் தீபாவளிக்கும் புதுச்சரக்குக்கு இடம் வேண்டும். ஆகவே தள்ளுபடி. சடங்கு வெறுமையாக விட்ட மாதத்தை விலைக்குறைப்பு நிரப்பியது. இன்று ஆடி என்றவுடன் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தத் தள்ளுபடிதான். அவசரமில்லாத ஒருவர் மகாளய பட்சத்தில் வாகன விற்பனையகத்துக்குச் சென்று விலையைப் பேசி, நவராத்திரியில் வண்டியை எடுத்துக்கொள்ளலாம். பேசுவதற்கு எந்தத் தோஷமும் சொல்லப்படவில்லை.

எங்கள் தொழிலையும் நான் விலக்கிவைக்கவில்லை. விழாக்காலத்தில் கடனுக்கான பரிசீலனைக் கட்டணத்தை விலக்கிப் பதாகை கட்டுவது வங்கிகளும் செய்வதே. எப்படியும் வாங்கவிருந்த கடனென்றால் அது மெய்யான ஆதாயம். பதாகையைப் பார்த்தபின் தோன்றிய தேவையென்றால், விலக்கப்பட்ட கட்டணம் சில ஆயிரம்; வட்டி ஐந்தாண்டு.

காகிதத்தில் ஒரு கணக்கு

கணக்கிட எளிதாக ஒரு கிராம் 22 காரட் தங்கம் 10,000 ரூபாய் என்று கொள்வோம். 10 கிராம் சங்கிலி. தங்கத்தின் மதிப்பு 1,00,000. செய்கூலியும் சேதாரமும் சேர்ந்து 15 விழுக்காடு எனில் 15,000. மொத்தத்தின் மீது 3 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி 3,450. செலுத்துவது 1,18,450 ரூபாய். மறுநாளே அதை விற்க நேர்ந்தால் கணக்கில் வருவது தங்கத்தின் மதிப்பு மட்டுமே. கல் பதித்திருந்தால் அதன் எடையும் கழியும். வங்கியில் அடகு வைத்தாலும் நாங்கள் மதிப்பிடுவது தங்கத்தைத்தான். நெடுங்காலம் 75 விழுக்காடாக இருந்த கடன் உச்சவரம்பு, 2025 ஜூனில் வெளியான நெறிமுறைகளின்படி இரண்டரை லட்சம் ரூபாய் வரையிலான கடன்களுக்கு 85 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. எனினும் அந்த விழுக்காடு 1,00,000-க்குத்தானே தவிர 1,18,450-க்கு அன்று. இடையிலுள்ள 18,450 ரூபாய், அணிந்து மகிழ்வதற்குக் கொடுத்த விலை. மகிழ்ச்சிக்கு விலை கொடுப்பதில் குற்றமில்லை. அதைச் 'சேமிப்பு' என்ற தலைப்பில் எழுதுவதுதான் பிழை.

இந்தத் தொகையை ஒருவர் வெளியில் ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டிக்குப் பெற்று, 12 தவணைகளில் திருப்பிச் செலுத்துகிறார் எனக் கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 10,520; ஆண்டு முடிவில் வட்டியாகச் சென்றது சுமார் 7,800. மாறாக, முந்தைய அட்சய திருதியை முதற்கொண்டே 6.5 விழுக்காடு வட்டியில் மாதம் 9,500 ரூபாய் தொடர் வைப்பில் இட்டு வந்திருந்தால், ஓராண்டில் வட்டியோடு ஏறத்தாழ 1,18,000 ரூபாய் சேர்ந்திருக்கும். மாதத்துக்கு ஆயிரம் ரூபாய் குறைவாகச் செலுத்தி, அதே நாளில், அதே நகை. "இடையில் விலை ஏறிவிட்டால்?" என்று கேட்பீர்கள். ஏறலாம், அண்மை ஆண்டுகளில் கடுமையாகவே ஏறியிருக்கிறது. ஆனால் அந்தக் கவலை விலையைப் பற்றியது, திதியைப் பற்றியதன்று. விலைக்காக வாங்குவோர்க்குச் செய்கூலியில்லாத வழிகள் உண்டு. பங்குச் சந்தையில் வணிகமாகும் தங்க நிதி அலகுகள் 2007 முதல் இருக்கின்றன. 2015-இல் தொடங்கிய அரசின் தங்கப் பத்திரங்களில் 2024 பிப்ரவரிக்குப் பின் புதிய வெளியீடு வரவில்லை. முன்னர் வெளியானவை சந்தையில் கைமாறுகின்றன, ஆனால் எல்லா நேரமும் விரும்பிய விலையில் கிடைப்பதில்லை.

நகையேதான் வேண்டுமெனில், எத்தனை நெரிசலிலும் இரண்டைப் பார்க்கத் தவறாதீர்கள். 2023 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் தங்க நகைகளில் முத்திரையோடு ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளக் குறியீடு இருக்க வேண்டும்; இந்தியத் தரநிர்ணய அமைவனத்தின் கைப்பேசிச் செயலியில் அதைக் கடையில் நின்றபடியே சரிபார்க்கலாம். மற்றொன்று, தங்கத்தின் எடை, விலை, செய்கூலி, வரி ஆகியவை தனித்தனியே எழுதப்பட்ட பட்டியல். நல்ல நேரம் முடிந்துவிடும் என்று பட்டியலை விட்டுவிட்டு வந்தவர்கள், பின்னாளில் அந்நகையை எங்களிடம் கொண்டுவரும்போது மதிப்பீட்டாளர் சொல்லும் எண்ணைக் கேட்டு முகம் வாடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கணக்கையும் வணங்கியவர்கள்

சடங்கு செலவை மட்டுமே தூண்டும் என்று நினைத்திருந்த எனக்கு, குசராத்தில் கழித்த இரண்டு தீபாவளிகள் வேறொன்றைக் காட்டின. அங்கே தீபாவளியன்று வணிகர்கள் பூசிப்பது கணக்குப் புத்தகத்தை. சிவப்புத் துணியில் கட்டிய புதிய 'சோப்டா'வின் முதற்பக்கத்தில் குங்குமத்தால் 'சுப', 'லாப' என்று எழுதி, திருமகளின் முன் வைத்து வணங்குவர். மறுநாள் அவர்களுக்கு விக்கிரம ஆண்டின் புத்தாண்டு. ஐந்தாம் நாளான லாப பஞ்சமியன்று கடையைத் திறந்து புதுக்கணக்கில் முதல் வரவை எழுதுவர். இப்போது புத்தகத்தின் இடத்தில் மடிக்கணினியும் அமர்ந்திருக்கிறது. 1957 முதல் மும்பைப் பங்குச் சந்தையும், பின்னர் தேசியப் பங்குச் சந்தையும் தீபாவளியன்று ஏறத்தாழ ஒரு மணி நேரம் நடத்தும் முகூர்த்த வணிகம் இந்த மரபின் கிளையே. வங்காளத்திலும் புத்தாண்டான பொய்லா பொய்சாக் அன்று 'ஹால்காதா' என்று புதுக்கணக்கு தொடங்குவர். வாடிக்கையாளரைக் கடைக்கு அழைத்து இனிப்பும் நாட்காட்டியும் தருவர். வந்தவர் பழைய பாக்கியைத் தீர்ப்பார். வாங்க அன்று, தீர்க்க ஒரு திருநாள்!

தமிழ்நாட்டுக் கிளைகளிலும் இதற்கு இணையான ஒன்று உண்டு. நாட்காட்டிகளில் 'மைத்ர முகூர்த்தம்' என்று ஒரு நேரம் குறிக்கப்பட்டிருக்கும். அந்நேரத்தில் கடனில் ஒரு சிறு பகுதியைச் செலுத்தினால் முழுக்கடனும் விரைவில் தீரும் என்பது நம்பிக்கை. அந்த நாட்களில் தவணைத் தேதிக்குத் தொடர்பில்லாமல் சிலர் வந்து ஐந்நூறு, ஆயிரம் என்று கடன் கணக்கில் செலுத்திச் செல்வர். இளம் அலுவலர் ஒருவர் இதைக் கண்டு நகைத்தபோது அவரிடம் அந்தக் கணக்கின் அட்டவணையைத் திறந்து காட்டச் சொன்னேன். தவணைக்கு மேல் செலுத்தும் தொகை அசலிலிருந்து கழிகிறது. அசல் குறைந்தால் மறுமாத வட்டி குறைகிறது. ஆண்டுக்குச் சில முறை இவ்வாறு செய்தால் கடைசித் தவணைகள் சில இல்லாமலே போகின்றன. விண்மீன் என்ன செய்கிறது என்பதை நான் அறியேன். அட்டவணை செய்வதை அறிவேன்.

அந்த நாசிக் அம்மையாரை அன்று நான் வெறுங்கையோடுதான் அனுப்பினேன். வேறு தேவைக்கு நகைக்கடன் பெறலாம் என்றும், இருக்கும் தங்கத்தையே நகைக்கடையில் மாற்றிக்கொள்ள வழியுண்டு என்றும் சொன்னேன். பின்னதைக் கேட்டு அவர் முகம் சுளித்தார். தன்தேரஸ் அன்று பழையதா? வளையல்களைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு எழுந்து போய்விட்டார். ஒரு வாடிக்கையாளரை விழா நாளில் வருத்தி அனுப்பினோமே என்று அன்று மாலைவரை எனக்கு உறுத்தலாகவே இருந்தது.

பாவ்பீஜுக்கு மறுநாள் கிளை திறந்ததும் பெட்டக அறைக்கு வந்தார். வைக்கக் கொண்டுவந்த வளையல்கள் மூன்று. நான்காவது, சராஃப் பஜாரில் மருமகனுக்கு மோதிரமும் மகளுக்குச் சிறு பதக்கமுமாக ஆகியிருந்தது. கடைப் பட்டியலைத் தாமே எடுத்து என்னிடம் நீட்டினார். தங்கத்துக்குத் தங்கம் சரியாகிவிட, அவர் கையிலிருந்து கொடுத்தது செய்கூலியும் வரியும் மட்டுமே. சம்பந்தி வீட்டாருக்குத் தெரியுமா என்று கேட்க நினைத்துக் கேட்காமல் இருந்தேன். அவரே சொன்னார்: "தன்தேரஸ் இரவு பூசையில் வைத்துத்தான் கொடுத்தேன். பூசையில் வைத்தபின் பழையது ஏது, சாஹேப்?"

பிறகு தொடர் வைப்புக்கான விண்ணப்பத்தைக் கேட்டார். நான்காவது வளையலுக்காக, மாதம் 2,001 ரூபாய். நூறின் மடங்கில்தான் கணினி ஏற்கும் என்று சொன்னதும் சற்று யோசித்து 2,100 என்று எழுதினார். முதல் தவணையை அன்றே செலுத்தலாமே என்றேன். அன்று நாள் சரியில்லை என்றார். வியாழக்கிழமை காலை பத்தேகாலுக்கு வந்து செலுத்தினார்.